துருப்பிடிக்காத உலோகத்தில் துரு ஏன்?

பழைய சைக்கிள் ஒன்றின் ஹாண்டில்பாரை உற்றுப் பாருங்கள். பளபளக்கும் பரப்பில் கடுகை இறைத்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் தெரியும். ஸ்போக்ஸ் கம்பிகள் ரிம்மில் நுழையும் துளைகளைச் சுற்றி அவை வளையமாகவே படர்ந்திருக்கும். "குரோமியம் துருப்பிடித்துவிட்டது" என்று சொல்லி, சமையலறையிலிருந்து புளியோ எலுமிச்சம்பழமோ கொண்டுவந்து தேய்க்கத் தொடங்குகிறோம். அரை மணியில் பளபளப்புத் திரும்பிவிடுகிறது. ஆனால் அடுத்த மழைக்காலத்தில் அதே புள்ளிகள் அதே இடங்களில் மறுபடியும் முளைத்து நிற்கின்றன.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. துரு என்பது நீர் சேர்ந்த இரும்பு ஆக்ஸைடு. குரோமியத்தில் இரும்பு கிடையாது. ஆகவே குரோமியம் துருப்பிடித்தது என்பது பொருந்தாத பேச்சு. அந்தப் பழுப்பு நிறம் முலாமுக்குக் கீழே இருக்கும் எஃகிலிருந்து வருகிறது. கீழே இருப்பது மேலே எப்படி வந்தது என்று அறிய, சைக்கிளின் மீது எந்தெந்த உலோகம், எதற்காக, எப்போது ஏறியது என்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நிக்கலின் காலம்

ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1885-ல் 'ரோவர்' என்ற சைக்கிளை உருவாக்கினார். சம அளவுச் சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட இன்றைய சைக்கிளின் முன்னோடி அதுவே. அதன் சட்டம் எஃகுக் குழாய். எஃகை ஈரத்திலிருந்து காக்கக் கறுப்பு எனாமல் பூசிச் சூளையில் சுட்டார்கள். சட்டத்துக்கு அது போதும். ஆனால் ஹாண்டில்பார், பெடல் கிராங்கு, மணி ஆகிய இடங்களில் கையும் காலும் ஓயாமல் உராய்கின்றன. எனாமல் அங்கே நிற்காது. அத்தகைய இடங்களுக்கு நிக்கல் முலாம் பொருத்தமாக அமைந்தது.

மின்சாரத்தால் முலாம் பூசும் கலை அப்போது புதிதன்று. வோல்டா தம் மின்கல அடுக்கை 1800-ல் அறிவித்தார். ஐந்தே ஆண்டுகளில் அவருடைய நண்பர் புருன்யாடெல்லி அதைக் கொண்டு வெள்ளியின்மீது பொன்முலாம் பூசிக் காட்டினார். பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பத்தார் 1840-ல் காப்புரிமை பெற்று வெள்ளி முலாமைப் பெருந்தொழிலாக்கினார்கள். நிக்கலைத் தொழில் முறையில் நம்பிக்கையாகப் பூசும் வழியை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஐசக் ஆடம்ஸ் 1869-ல் கண்டார். சைக்கிள் பிறந்தபோது நிக்கல் தொட்டிகள் தயாராகக் காத்திருந்தன எனலாம்.

நிக்கல் நல்ல காவலன். ஆனால் அழகு நிலைப்பதில்லை. நிலக்கரிப் புகை மண்டிய ஆங்கிலேய நகரங்களில், புகையிலிருந்த கந்தக டை ஆக்ஸைடும் காற்றின் ஈரமும் சேர்ந்து, புதிய நிக்கலைச் சில வாரங்களில் மங்கலாக்கின. நீராவி படிந்த கண்ணாடி போல முதலில் ஒரு மூட்டம். பின்னர் மஞ்சள் சாயல். காற்றின் ஈரப்பதம் சுமார் 70 சதவீதத்தைத் தாண்டினால்தான் இந்த மூட்டம் படர்கிறது என்பதை வெர்னன் என்ற வேதியியலார் பிற்காலத்தில் ஆராய்ந்து காட்டினார். சைக்கிள்காரர்களுக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. வாரந்தோறும் துணியும் பாலிஷுமாக உட்கார்ந்தார்கள். குளிர்காலத்தில் வண்டியை எடுத்து வைக்கும்போது நிக்கல் பகுதிகளில் வாசலைன் பூசினார்கள்.

துடைக்காமலே பளபளக்கும் ஓர் உலோகம் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எழுபது ஆண்டுத் தாமதம்

அந்த உலோகம் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ரஷ்யாவின் யூரல் மலைச் சுரங்கங்களில் கிடைத்த சிவப்பு ஈயத் தாதுவை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலார் வோக்லான், 1797-ல் அதில் ஒரு புதுத் தனிமம் இருப்பதைக் கண்டார். அதன் சேர்மங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பல வண்ணங்கள் காட்டியதால், நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் குரோமியம் என்று பெயர் வைத்தார்கள். 1854-ல் ஜெர்மனியின் புன்சன் மின்னாற்பகுப்பு மூலம் குரோமியத்தைப் படியவைத்தார். நம் ஆய்வுக்கூடங்களில் உள்ள புன்சன் அடுப்பின் புன்சன்தான் இவர். இரண்டே ஆண்டுகளில் கெய்தர் என்பவர் குரோமிக் அமிலக் கரைசலிலிருந்து அதைப் பெற்றார்.

இருந்தும் 1920 வரை குரோமிய முலாம் தொழிலாக மாறவில்லை. ஒருவருக்கு வந்த படிவு இன்னொருவருக்கு வரவில்லை. தூய குரோமிக் அமிலத்தை எடுத்துக்கொண்டு எவ்வளவு மின்னோட்டம் செலுத்தினாலும் எதிர்மின்வாயில் உருப்படியான உலோகம் படியாது. ஹைட்ரஜன் குமிழிகள்தாம் எழும்பும். கரைசல் எவ்வளவு தூய்மையோ அவ்வளவு நல்லது என்றுதான் எந்த மாணவனும் நினைப்பான். இங்கே உண்மை நேர்மாறாக இருந்தது. கரைசலில் கொஞ்சம் சல்பேட்டு இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் சார்ஜென்ட் என்பவர் 1920-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிங்க், எல்ட்ரிட்ஜ் ஆகியோர் அதைத் தொழில்முறையாக்கினார்கள். ஃபிங்கின் காப்புரிமை 1926-ல் வழங்கப்பட்டது. எடையில் நூறு பங்கு குரோமிக் அமிலத்துக்கு ஒரு பங்கு சல்பேட்டு என்பது கணக்கு. கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. சாம்பாருக்கு உப்பு போல என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு.

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மோட்டார் கார்களின் முகப்பிலும் சைக்கிள்களின் ஹாண்டில்பாரிலும் நிக்கலின் மஞ்சள் சாயல் போய், குரோமியத்தின் நீலம் கலந்த வெண்மை குடியேறியது. வாராந்தரப் பாலிஷ் வேலை ஒழிந்தது. மக்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால் நிக்கல் எங்கும் போய்விடவில்லை. இதைத்தான் வண்டி வாங்குகிறவர் அறிவதில்லை. குரோமியத்தை எஃகின்மீது நேராகப் பூசினால் அழகு முலாம் நிலைக்காது. ஆகவே முதலில் நிக்கல், அதன்மேல் குரோமியம். நிக்கல் அடுக்கின் தடிப்பு 10 முதல் 30 மைக்ரான் வரை. மேலே உள்ள குரோமியமோ ஏறத்தாழ 0.3 மைக்ரான்தான். தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரான் என்று கொண்டால், நாம் தொட்டுப் பார்க்கும் குரோமியம் அதில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு! பளபளப்பு நிலைப்பது குரோமியத்தால். எஃகு பிழைத்திருப்பது நிக்கலால்.

தடிப்பாகவே குரோமியம் பூசினால் என்ன? இயந்திர உறுப்புகளுக்குப் பூசுகிறார்கள். ஆனால் அது உள்ளிறுக்கம் மிகுந்த படிவு. தடிக்கத் தடிக்கத் தானாகவே வெடித்து நுண்ணிய விரிசல்கள் விடும். அதோடு செலவும் அதிகம். செலுத்தும் மின்னோட்டத்தில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்குதான் குரோமியத்தைப் படியவைக்கிறது. மீதி ஹைட்ரஜனாக வீணாகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. கூர்மையான விளிம்புகளில் மின்புலம் செறிந்தும், குழிவான மூலைகளில் மெலிந்தும் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். இடிதாங்கிக்கும் அதுவே அடிப்படை. முலாம் தொட்டியிலும் அப்படியே. புடைத்த இடங்களில் முலாம் தடித்துப் படிகிறது. ஃபோர்க்கின் கவை, வளைவின் உட்புறம், ரிம் துளையின் ஓரம் போன்ற மறைவிடங்களுக்கு மெல்லிய பங்கே கிடைக்கிறது. உங்கள் சைக்கிளில் துரு முதலில் தோன்றிய இடங்களை நினைத்துப் பாருங்கள்.

ஊசித்துளைக்குள் ஒரு மின்கலம்

துரு எப்படி உண்டாகிறது என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களுள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ் முக்கியமானவர். 1920-களில் அவர் செய்த ஒரு சோதனையைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எளிதில் செய்து பார்க்கலாம். நன்கு தேய்த்த இரும்புத் தகட்டின்மீது உப்புநீர்த் துளி ஒன்றை வைக்க வேண்டும். நீரில் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஃபீனால்ஃப்தலீனும் சிறிது கலந்திருக்கும். சற்று நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாகும். இரும்பு அங்கே கரைகிறது என்று பொருள். துளியின் ஓரம் இளஞ்சிவப்பாகும். காற்றிலிருந்து ஆக்ஸிஜன் எளிதில் சேரும் அவ்விடத்தில் காரம் உண்டாகிறது. இரண்டுக்கும் நடுவே துரு வளையம் படியும். ஒரே தகட்டில், ஒரே துளிக்கடியில், நேர்மின்வாய் ஓரிடம், எதிர்மின்வாய் ஓரிடம்! துருப்பிடித்தல் என்பது ஒரு குட்டி மின்கலம் வேலை செய்வதுதான்.

இப்போது முலாமுக்கு வருவோம். பூசும்போதே நேர்ந்த ஊசித்துளை, கல் தெறித்த கீறல் என்று ஏதோ ஒன்று எஃகு வரை இறங்கியிருக்கிறது. அதில் மழைநீர் புகுகிறது. இரும்பின் திட்ட மின்முனை அழுத்தம் −0.44 வோல்ட், நிக்கலுடையது −0.25 வோல்ட். எனவே இரும்பு கரையும், நிக்கல் கரையாது. இதே இடத்தில் துத்தநாகம் பூசியிருந்தால் (அதன் அழுத்தம் −0.76 வோல்ட்) துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும், நம் தண்ணீர் வாளி கீறல் விழுந்தும் பிழைப்பது அதனால்தான். நிக்கல் அப்படித் தியாகம் செய்வதில்லை. மூடியிருக்கும் வரை அது காவலன். துளை விழுந்தபின் எஃகுக்கு அது பகைவன். அதிலும், எதிர்மின்வாயாக இருக்கும் முலாம் பரப்போ விரிந்தது, கரையும் எஃகோ ஊசிமுனை அளவு. மொத்த மின்னோட்டமும் அந்த முனையிலேயே குவிகிறது. ஆகவே துரு பரவலாகப் படராமல் குழி தோண்டுகிறது. குழிக்குள் உண்டாகும் துரு, கரைந்த இரும்பைவிடப் பருமன் மிக்கது. அது விம்மி முலாமை உரித்து எழுப்புகிறது.

அட்டவணையைப் பார்த்த மாணவர்கள் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள்: குரோமியத்தின் அழுத்தம் −0.74 வோல்ட் ஆயிற்றே, அது துத்தநாகம் போல் கரைந்து இரும்பைக் காக்க வேண்டாமோ? காக்காது. குரோமியம் காற்றுப்பட்டவுடன் இரண்டு மூன்று நானோமீட்டர் தடிப்பில் ஓர் ஆக்ஸைடு படலத்தைப் போர்த்துக்கொண்டு வினைபுரியாமல் நின்றுவிடுகிறது. அட்டவணை சொல்வது வெற்று உலோகத்தின் இயல்பை. நாம் காண்பது போர்த்திய உலோகத்தை. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் இரகசியமும் இந்தப் படலந்தான். ஆனால் அங்கே குரோமியம் எஃகு முழுவதும் கலந்திருக்கிறது, குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு. எங்கே கீறினாலும் அங்கே புதுப் படலம் உண்டாகும். சைக்கிளில் அது மேல்தோல் மட்டுமே.

தோலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாததால், நெருக்கடி வந்தபோதெல்லாம் குறைக்கப்பட்டது நிக்கல்தான். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் சைக்கிள்களுக்குக் குரோமியம், நிக்கல் இரண்டையும் விட்டுவிட்டுக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அது நேர்மையான வழி. 1950-ல் கொரியப் போர் மூண்டதும் அமெரிக்காவில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு வந்தது. அப்போது கார்களில் நிக்கலைக் குறைத்தும், செம்பின்மீதே குரோமியம் பூசியும் சமாளித்தார்கள். கடையில் நிற்கும்போது பளபளப்பில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. ஓரிரண்டு குளிர்காலங்கள் கழிந்தபின் பம்பர்கள் வேறு கதை சொல்லின.

அந்த அனுபவத்துக்குப்பின் முலாம் கலை திருந்தியது. 1950-களில் நிக்கலையே இரண்டு அடுக்காகப் பூசத் தொடங்கினார்கள். மேலடுக்கில் சிறிதளவு கந்தகம் சேர்ந்திருப்பதால் அது எளிதில் கரையும், கீழடுக்கு கரையாது. துளை விழுந்தால் அரிப்பு கீழே இறங்காமல் மேலடுக்கிலேயே பக்கவாட்டில் பரவி, எஃகை அடையக் காலதாமதமாகிறது. அடுத்த பத்தாண்டில் வந்த யோசனை இன்னும் வியப்பானது. குரோமியத்தில் துளைகளை அடைப்பதற்குப் பதிலாக, சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்துளைகளை வேண்டுமென்றே உண்டாக்கினார்கள்! ஓரிடத்தில் குவிந்த மின்னோட்டம் ஆயிரக்கணக்கான இடங்களில் பங்கிடப்பட்டதால் எந்தத் துளையிலும் குழி ஆழமாகவில்லை.

நம் நாட்டில் சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-ல் ஆங்கிலக் கூட்டுறவோடு சைக்கிள் தொழிற்சாலை எழுந்தபோது, ஆங்கிலேய வண்டியின் நிக்கலும் குரோமியமும் உப்புக்காற்று வீசும் இக்கரைக்கு வந்தன. உப்பிலுள்ள குளோரைடு எல்லாப் படலங்களுக்கும் எமன். மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்ட மத்திய ஆராய்ச்சி நிலையம், கடற்காற்றின் அரிமானத்தை அறிய மண்டபத்தில் ஒரு சோதனை நிலையம் அமைத்தது காரணமில்லாமல் அன்று.

பளபளப்புக்கு வேறொரு விலையும் உண்டு. தொட்டியிலிருந்து எழும் ஹைட்ரஜன் குமிழிகள் குரோமிக் அமிலத்தைத் தூவானமாகக் காற்றில் இறைக்கின்றன. தொழில் தொடங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே, 1928-ல், அமெரிக்க அரசுச் சுகாதாரத் துறையின் ஆய்வு முலாம் தொழிலாளரின் மூக்கின் நடுச்சுவரில் புண்ணும் ஓட்டையும் கண்டதாக அறிவித்தது. இந்த ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயும் உண்டாக்கும். அதனால் தீங்கு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியக் கரைசல்கள் 1970-களின் நடுவிலிருந்து வழக்கிற்கு வந்தன.

இனி, துணியும் புளியும்

வீட்டுப் பொருள்கள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது இப்போது எளிதில் விளங்கும். நாம் அகற்றுவது துளைக்கு வெளியே வழிந்து படிந்த துருவை. துளை அப்படியே இருக்கும்.

முதலில் சோப்பு நீரால் மண்ணைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அந்த மணலே உப்புக் காகிதமாகிவிடும். பிறகு, உணவு பொதியும் அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து மெதுவாகத் தேய்ப்பது நல்ல முறை. குரோமியம் மிகக் கடினமானது. மோஸ் அளவையில் 8.5. அலுமினியம் ஏறத்தாழ 2.75. எனவே குரோமியத்தில் கீறல் விழாது, துரு மட்டும் உதிரும். அலுமினியம் துருவோடு வேதிவினை புரிகிறது என்றும் சொல்வார்கள். எனக்கென்னவோ உராய்வின் பங்கே பெரிது என்று தோன்றுகிறது. செங்கற்பொடியும் இரும்பு நாரும் வேண்டாம். குரோமியம் கடினமாயினும் மெல்லியது. மெத்தைமேல் வைத்த கண்ணாடித் தகடு போல, மென்மையான நிக்கலின்மீது கிடக்கிறது. அழுத்தினால் உடையும். இரும்பு நாரின் துணுக்குகள் துளைகளில் தங்கித் தாமே துருவாகும்.

புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் மெல்லிய அமிலங்கள். புளியின் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் துருவைக் கரைப்பதோடு, கரைந்த இரும்பைப் பற்றிக்கொள்ளவும் செய்கின்றன. பித்தளைக் குடத்தைப் புளியால் துலக்கிய பாட்டிமாரின் வேதியியல் இங்கும் செல்லும். கோலா பானமும் உதவும். அதில் பாஸ்பாரிக் அமிலம் சிறிதளவு உண்டு. ஆனால் அதிலுள்ள சர்க்கரை பிசுபிசுக்கும். புளியைவிட அதில் நான் ஒரு சிறப்பும் காணவில்லை. எதுவானாலும் சில நிமிடங்கள் போதும். இரவு முழுவதும் ஊறவைத்தால், துரு தீர்ந்தபின் அமிலம் துளைவழியே எஃகைத் தின்னத் தொடங்கும். கழுவியபின் சமையல் சோடா கரைத்த நீரால் ஒருமுறை அலசி, வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும்.

கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் கிட்டே கொண்டுவர வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் குளோரைடு குரோமியத்தின் காப்புப் படலத்தைக் கிழித்து உலோகத்தையே கரைத்துவிடும். பழைய குரோமியத்தை நீக்க முலாம் பட்டறைகளில் பயன்படுத்துவதே அந்த அமிலத்தைத்தான்! ஆசிட் தடவியதும் துரு மாயமாய் மறையும். கூடவே, காசு கொடுத்து வாங்கிய 0.3 மைக்ரானும் மறையும். அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வரக்கூடாது. அந்தக் கலவையிலிருந்து எழுவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மானியர் திறந்துவிட்ட அதே வாயு.

மின்னாற்பகுப்பால் துரு நீக்கலாம் என்று படித்துவிட்டு, சலவைச் சோடாக் கரைசலில் பாட்டரியை இணைக்கும் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. முலாம் பூசிய பொருளுக்கு அது ஏற்றதன்று. இணைப்பு மாறிப் பொருள் நேர்மின்வாயாகிவிட்டால் குரோமியம் கரைந்து கரைசல் மஞ்சளாகும். அந்த மஞ்சள் குரோமேட்டு, அதாவது மேலே சொன்ன நச்சு. எதிர்மின்முனையில் இருந்து தப்பிக்கலாமென்று எவர்சில்வர் கரண்டியை நேர்மின்வாயாக வைத்தாலும் அதே மஞ்சள் வரக்கூடும்.

துரு போனபின் பரப்பில் மெழுகோ, இயந்திர எண்ணெயோ, வாசலைனோ மெல்லியதாகப் பூசித் துடைத்துவிடுங்கள். வேலை செய்வது துளைக்குள் தங்கும் எண்ணெய்தான். நீர் புகாவிட்டால் மின்கலம் இல்லை. மழையில் அது கழுவப்பட்டுப் போகும் என்பதால், மாதம் ஒருமுறையும் மழையில் நனைந்த நாட்களிலும் மறுபடி பூச வேண்டும். நகத்தால் நெருடினால் முலாம் செதிலாக எழும்புகிறது என்றால், அங்கே நிக்கல் எஃகை விட்டுவிட்டது. எந்தப் புளியும் அதை ஒட்டவைக்காது. பட்டறையில் முழுவதும் உரித்துப் புதிதாகப் பூசுவது ஒன்றே வழி. அப்படிக் கொடுக்கும்போது குரோமியத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். அடியில் நிக்கல் எத்தனை மைக்ரான் போடுவீர்கள் என்று கேளுங்கள்.